வேலைக்குப் போகிறேன், சிரித்துப் பேசுகிறேன், ஆனால் மனசு சரியில்லை. இப்போதே கவுன்சலிங் போவது அவசரப்படுவதா?

கேள்விக்குக் கீழே ‘இன்னும் அவ்வளவு மோசமாகவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் அதே வார்த்தைகளை நான் இரண்டு வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தூக்கமும் கெட்டிருக்கும், போன் அடித்தால் எடுக்கப் பிடிக்காமல் இருக்கும், வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும்.

எனக்கு லிஃப்டில் தொடங்கியது. அலுவலகம் ஏழாவது மாடி. ஒருநாள் காலை மேலே போகும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, விரல்நுனி மரத்து, மூச்சே உள்ளே இறங்கவில்லை. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. அன்றிலிருந்து படிக்கட்டுதான், கேட்டவர்களிடம் உடற்பயிற்சி என்றேன். அப்புறம் மீட்டிங் அறையில் கதவுப் பக்கம் இடம் கிடைத்தால்தான் உட்காருவேன், அப்புறம் மீட்டிங்கையே ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பேன், அப்புறம் கூட்டமான பஸ் வேண்டாம், கடைசியில் நண்பர்கள் கூப்பிட்டால்கூடப் போவதில்லை. வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. அதனால் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நம்பினேன்.

நடுவில் ஈசிஜி மூன்று முறை, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் நார்மல். (பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தைராய்டு கோளாறும் இதயத் துடிப்புக் கோளாறும் இதே மாதிரி படபடப்பைத் தரும், முதலில் அதைப் பார்ப்பதுதான் சரி.) ரிப்போர்ட்டை மேசையில் வைத்தபோது அக்கா கேட்டாள்: “நெஞ்சுக்கு மூணு தடவை பார்த்தாச்சு. மனசுக்கு ஒரு தடவை பார்த்தா என்னடா?” அவள் கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் போயிருக்குமோ தெரியாது.

இதற்குப் பெயர் பேனிக் அட்டாக் என்று உளவியலாளர் சொன்னார். லிஃப்டைத் தவிர்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதியை வைத்துத்தான் மூளை ‘நல்லவேளை, தப்பித்தோம்’ என்று கற்றுக்கொள்கிறதாம். அப்படியே பயம் அடுத்த இடத்துக்கும் பரவுகிறது. சிகிச்சை என்றால் உட்கார்ந்து அழுது தீர்ப்பது என்று நினைத்திருந்தேன். அவரோ என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிடம் சுற்றச் சொன்னார், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொன்னார். தலைசுற்றலும் மூச்சு முட்டலும் வந்தாலும் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்கே தெரிய வேண்டும் என்பதற்காக. பிறகு லிஃப்ட் வாசலில் நிற்பது, ஒரு மாடி, அக்காவோடு மூன்று மாடி, அப்புறம் தனியாக.

‘முதல் மாதமே வந்திருந்தால் லிஃப்டை மட்டும் சரிசெய்திருக்கலாம், இப்போது நீங்கள் விட்டுக்கொடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க வேண்டும்’ என்று அவர் சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது. உண்மையிலேயே லிஃப்ட் நாலு வாரத்தில் வந்துவிட்டது. பஸ்ஸுக்கும் மீட்டிங்குக்கும் மேலும் ஐந்து மாதம் ஆனது. சில நண்பர்கள் திரும்ப வரவேயில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் லீவு போட ஒரு ஆப். அதில் காரணம் எழுதாமல் நகர முடியாது, எழுதினால் டீமில் எல்லோருக்கும் தெரியும். உடம்பைப் பற்றியோ மனசைப் பற்றியோ ஒருவர் எழுதுவதை இருபது பேர் எதற்குப் படிக்க வேண்டும்? கவுன்சலிங் போக ஒவ்வொரு வாரமும் ‘சொந்த வேலை’ என்று எழுதி, மேலாளரிடம் அதற்கும் பேச்சு வாங்கினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

சரி, உங்கள் விஷயம். சோகமோ எதிலும் பிடிப்பில்லாமையோ அநேகமாக நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை மனச்சோர்வாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். இரண்டு வருடம் இல்லை, இரண்டு வாரம். செத்துப்போகலாமா என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். நான் மருத்துவன் இல்லை, எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். மருந்துக்கு எதிரானவனும் இல்லை, எனக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் சொல்வார். முதலில் பார்க்கிறவர் ஒத்துப்போகவில்லையா, வேறு ஒருவரைப் பாருங்கள், அதில் தப்பே இல்லை.

போய் என்ன பேசுவது என்றுதான் தயக்கம் என்றால், எனக்கும் அதுதான். “எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியல” என்றேன். “இங்க மேலே எப்படி வந்தீங்க?” என்று கேட்டார். படிக்கட்டில் என்றேன். அங்கிருந்தே ஆரம்பித்தோம்.