நிலநடுக்கம் வந்தால் களிமண் சரிவு உடனே சரிந்துவிடுமா?

பெரும்பாலும் இல்லை. களிமண்ணை மெதுவாகத் தள்ளுவதைவிடச் சட்டென்று தள்ளினால் அது கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும். நிலநடுக்கத்தின் ஒவ்வொரு உதறலும் கண நேரம்தான். அது சரிவின் தாங்குதிறனை மிஞ்சினாலும், மண் சிறிது நழுவும். உதறல் திசை மாறியதும் நின்றுவிடும். சாய்ந்த பலகைமேல் வைத்த கட்டையைப் போல இதைக் கணக்கிடலாம் என்று 1965இல் அமெரிக்கப் பொறியாளர் நியூமார்க் காட்டினார். அதனால் பொறியாளர்கள் "விழுமா?" என்பதோடு நிறுத்தாமல், "மொத்தம் எவ்வளவு நழுவும்?" என்றும் கேட்கிறார்கள்.

அப்படி நழுவிய பிறகு களிமண்ணில் எவ்வளவு வலு மிஞ்சுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில களிமண்கள் கலைந்தால் வலுவை இழந்துவிடும். ஆய்வகத்தில் அப்படி ஒன்றைக் கையாண்டிருக்கிறேன். கத்தியால் வெட்டினால் சோப்புக்கட்டி போல விளிம்பு கூர்மையாக நின்றது. அதே துண்டைக் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் கிளறினேன். ஒரு சொட்டு நீர்கூடச் சேர்க்கவில்லை, கூழாகி ஊற்ற வந்தது. இப்படிப்பட்ட மண் பெரும்பாலும் பழைய கடலடியில் படிந்தது. துகள்கள் சீட்டுக்கட்டு வீடு மாதிரி அடுக்கிக்கொண்டு, இடையில் நிறைய நீரைப் பிடித்து வைத்திருக்கும். பல்லாயிரம் ஆண்டுகளில் நன்னீர் ஊறி உப்பைக் கழுவிவிட்டால், வீடு நிற்கும், ஆனால் ஒருமுறை கலைந்தால் மறுபடி சேராது.

1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவில் 9.2 அளவு நிலநடுக்கம். ஆங்கரேஜ் நகரின் டர்னகெய்ன் ஹைட்ஸ் பகுதியில் கடலோரக் களிமண் மேடு முதல் உதறலில் விழவில்லை. நடுக்கம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்துத்தான் நகர ஆரம்பித்தது. சுமார் 75 வீடுகள் அழிந்தன. நடுக்கம் நான்கு நிமிடத்துக்கு மேல் நீடித்ததுதான் வினையானது. இன்னும் சீக்கிரம் நின்றிருந்தால் அந்த மேடு தப்பியிருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

அப்புறம், நடுக்கம் நின்றதும் ஆபத்து போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். களிமண்ணுக்குள் ஏறிய நீரழுத்தம் வடிய வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் ஆகும். உச்சியில் விழுந்த விரிசல்களில் அடுத்த மழை நேராக இறங்கும். நடுக்கத்துக்குப் பிறகு சரிவின் மேல்விளிம்பை நடந்து பாருங்கள். விளிம்புக்கு இணையாகப் புது விரிசல் இருந்தால் இரு பக்கமும் முளையடித்து, இடைவெளியைத் தினமும் அளந்து குறித்து வையுங்கள். மழைநீர் உள்ளே போகாதபடி விரிசலை மூடுங்கள். அடிவாரத்தில் மட்டும் ஒரு கூடை மண்கூட வெட்டாதீர்கள். விரிசலின் இடைவெளி நாளுக்கு நாள் கூடினால், கீழே இருப்பவர்களை அன்றைக்கே வெளியேற்ற வேண்டும்.