பழைய ஜீப்புக்கு மாற்று இன்ஜின் தேவையா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தாத்தா காலத்தில் வாங்கிய 1968ஆம் ஆண்டு மஹிந்திரா சி.ஜே. 3பி பெட்ரோல் ஜீப் எங்கள் வீட்டில் இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. ஜவ்வாது மலை ஏற்றத்தில் இப்போது இழுவை இல்லை. பாதி வழியிலேயே ரேடியேட்டர் கொதிக்கிறது, நீலப் புகையும் வருகிறது. இந்த இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றிவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?
– வாசகர், ஒடுகத்தூர்

பதில்: வேண்டாம். முதல் காரணம் சட்டம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகம் வேறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பெட்ரோல் வண்டியில் ஏதோ ஒரு டீசல் இன்ஜினை ஏற்றிக்கொண்டு எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போய் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், பட்டறைக்காரர் அல்லர். மேலும், 2021இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளுக்கே விண்டேஜ் தகுதி கிடைக்கும். இன்ஜினை மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது என்பதால், மலைக்குப் போய் வரும் உங்களுக்கு இப்போதைக்குச் சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே பொருத்தம். ஆனால் அந்த வாய்ப்பை நாமே அடைத்துவிட வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளும் இன்ஜினின் தேய்மானத்தையும் அடைப்பையும் காட்டுகின்றனவே தவிர, அதன் திறன் போதாது என்று காட்டவில்லை. இதே 2,199 சி.சி. ஹரிக்கேன் இன்ஜின்தான் உங்கள் தாத்தா காலத்திலும் அந்த ஏற்றத்தை ஏறியது. எதையும் பிரிப்பதற்கு முன் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, பிளக் துளையில் அழுத்தமானியை வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடித்துப் பார்த்தால், நல்ல நிலையில் உள்ள சிலிண்டர் 120 பி.எஸ்.ஐ. அளவில் காட்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. புகையும் ஒரு சாட்சிதான். ஏற்றத்தில் மிதிக்கும்போது நீலமாக வந்தால் ரிங்கையும், இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும் கணத்தில் குபீரென்று வந்தால் வால்வின் தண்டு ஓடும் குழாயான வால்வு கைடையும் சந்தேகிக்கலாம்.

வால்வு வேலை என்று வந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இன்ஜினில் இன்லெட் வால்வுகள் ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வுகள் பிளாக்கிலும் இருக்கின்றன. இன்றைய கார்களிலேயே பழகிய பட்டறைகளில் ஹெட்டை மட்டும் லேத்துக்கு அனுப்பி, வால்வு அரைத்து வாங்கி மாட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று பில் போட்டுவிடுகிறார்கள். வெப்பத்தில் வெந்து குழி விழுவது பெரும்பாலும் எக்ஸாஸ்ட் வால்வுதான். அது தொடப்படாமல் பிளாக்கிலேயே இருந்துவிடும். அது உட்காரும் இடமான சீட்டை பிளாக்கிலேயே அரைக்க வேண்டும். சீட் தேய்ந்திருந்தால், ஈயமில்லாப் பெட்ரோலைத் தாங்கும் கடின உலோக சீட் போட்டுக்கொள்வது நல்லது. வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டின் இடைவெளியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட்டுக்கு 18 தௌ, எக்ஸாஸ்ட்டுக்கு 16 தௌ என்று வைக்க வேண்டும் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எக்ஸாஸ்ட் டேப்பெட்டை எட்ட பிளாக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியாக வேண்டும். அந்த மூடியின் நட்டுகளில் பல ஆண்டு மண் அப்படியே படிந்திருந்தால், முன்பு வேலை பார்த்தவர் அந்தப் பக்கம் போகவேயில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

போர் தேய்ந்திருந்தாலும் அஞ்ச வேண்டாம். சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி (ரீபோர்) ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அந்த எல்லையும் தாண்டியிருந்தால் உள்ளே புதிய உலோகக் குழாயான ஸ்லீவ் அடிக்கலாம். டீசல் இன்ஜின் ஏற்றுவதென்றால் மவுண்டிங், கிளட்ச், ரேடியேட்டர், சைலென்சர் என்று வரிசையாக வரும் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கொதிப்பு வேறு விஷயம். நம் மாவட்டத்து போர்வெல் தண்ணீரின் உப்பு, குடத்தின் உள்பக்கத்தில் படிவதைப் போலவே ரேடியேட்டர் கோரிலும் பிளாக்கின் உள்ளேயும் வெள்ளையாகப் படிந்திருக்கும். ரேடியேட்டரை மட்டும் கழுவினால் போதாது. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகடு பிளக்குகளைத் தட்டி எடுத்து, உள்ளே இறுகிய சேற்றைக் கம்பியால் சுரண்டி வெளியேற்ற வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும், அதாவது ஸ்பார்க் தாமதமாக வந்தாலும், இன்ஜின் சூடாகும் என்பதால், அதையும் டைமிங் லைட் வைத்துப் பார்ப்பது அவசியம். கொதிக்கிறது என்பதற்காக, இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. இன்ஜின் உரிய சூட்டை எட்டாமலே ஓடி ஆயில் கெடுவதற்கும் போர் தேய்வதற்கும் அதுவே வழி வகுக்கிறது.

கேள்வி: பங்குனி, சித்திரை வெயிலில் நிறுத்தி எடுத்தால் என் ஜீப் கிளம்புவதில்லை. பெட்ரோல் ஹோஸிலும் கசிவு தெரிகிறது. பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான் காரணமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: கசிவுக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. அக்கால ரப்பர் அதைத் தாங்காது. ஹோஸ், பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம், கார்பரேட்டர் கேஸ்கெட் ஆகிய மூன்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள். பழைய டேங்கில் ஒட்டியிருக்கும் துருவையும் அழுக்கையும் எத்தனால் கிளப்பிவிடும் என்பதால், பம்ப்புக்கு முன்னால் ஒரு ஃபில்டரும் வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும்; மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் பெட்ரோலை வடித்துவிடுவதே பாதுகாப்பு.

சூட்டில் கிளம்பாததற்குக் கண்ணை மூடிக்கொண்டு வேப்பர் லாக் (பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைப்பது) என்று சொல்லிவிடக் கூடாது. நிற்கும் இடத்திலேயே ஒரு பிளக் வயரைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். ஸ்பார்க் இல்லையென்றால் சூட்டில் செயலிழக்கும் காயில் அல்லது கண்டென்சரே குற்றவாளி. ஸ்பார்க் பளிச்சென்று வந்தால் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டுச் சிறிது நேரம் கழித்து முயலுங்கள். கிளம்பினால் பெட்ரோல் ஆவியாகித்தான் அடைத்திருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே போகும் பெட்ரோல் குழாயைத் தள்ளி ஓட்டி, இடையில் ஒரு தகடு வைத்தால் தொல்லை பெருமளவு குறையும்.

கேள்வி: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: தாராளமாகப் போடலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் அடங்கிவிடும் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். வெளித்தோற்றம் மாறாது, வேண்டும்போது பழையபடி மாற்றிக்கொள்ளவும் முடியும். ஆனால் அதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் புஷ் மாற்றிய பிறகே கிட்டை மாட்ட வேண்டும், இல்லையென்றால் டைமிங் ஒரு நிலையில் நிற்காது. கழற்றிய பாயின்ட்டையும் கண்டென்சரையும் 20 தௌ ஃபீலர் தகடு ஒன்றோடு சேர்த்து டூல் பாக்ஸிலேயே வைத்திருங்கள். கிட் காட்டில் பழுதானால் ஸ்குரூடிரைவரை வைத்து வண்டியைக் கிளப்பி வீடு வந்துவிடலாம்.