இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் 6 அறை விடுதி நடத்துகிறோம். கரண்ட் பில் தாங்கவில்லை. சோலார் போட்டால் தீருமா?

போடுங்கள், ஆனால் அதை இரண்டாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை அறைகளின் சூட்டைக் குறைப்பது. கல்குடாவில் எங்கள் குடும்பமும் இதே அளவில் ஒரு விடுதி நடத்துகிறது. நாங்கள் முதலில் சோலார் போட்டுவிட்டு, பிறகுதான் மற்றதை யோசித்தோம். அந்தச் செலவு உங்களுக்கு வரக்கூடாது.

நம் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். 5 கிலோவாட் சோலார் நல்ல வெயில் நாளில் 18 முதல் 20 யூனிட் வரை தரும். பழைய ஏசி ஆறும் இரவில் எட்டு மணித்தியாலம் ஓடினால் அதைப் போல இரண்டு மடங்கு போய்விடும். ஏன் அவ்வளவு ஓடுகிறது? கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சீற் கூரை பகல் முழுக்கக் காய்ந்து, அந்தச் சூட்டை இரவில் அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தோம், சீலிங்குக்கு மேல் வெப்பத்தடுப்புத் தாள் விரித்தோம், மேற்குச் சுவர் ஓரமாகக் கிடுகுப் பந்தல் இறக்கினோம். பிறகு ஒவ்வொரு சீசனுக்கும் இரண்டாக ஏசிகளை, அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக் கரண்டை மிச்சப்படுத்தும் இன்வேர்ட்டர் வகைக்கு மாற்றினோம். இப்போது நள்ளிரவுக்குப் பிறகு ஃபேன் மட்டும் போதும் என்று ஏசியை நிறுத்துகிற விருந்தினர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் முதலே செய்திருந்தால் 3 கிலோவாட் சோலாரே எங்களுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

குளியலறையில் உடனே சுடவைக்கும் ஹீட்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒன்று 3.5 கிலோவாட் வரை இழுக்கும். வெயிலில் சுடும் தண்ணீர்த் தாங்கி ஒன்று கூரையில் வைத்தால் போதும்.

கிழக்குக் கரைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. நம் சீசன் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை, வெயிலும் அப்போதுதான். மாரியில் வெயில் குறையும்போது விருந்தினரும் குறைவு.  பகலில் மிஞ்சுவதை மின்சார சபையின் கம்பிக்குக் கொடுத்து இரவுக்குக் கழித்துக்கொள்ளலாம், அல்லது விற்கலாம். எது இலாபம் என்பதை ஒரு வருட பில்களை வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

அப்புறம், 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். கொளுத்தும் வெயில், கூரையில் எங்கள் சோலார், ஆனால் ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை. சபையின் கம்பியில் கரண்ட் நின்றால் சாதாரண சோலார் இன்வேர்ட்டரும் (பனல் தருவதை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) நின்றுவிடும். நம் சோலார் கரண்ட் கம்பிக்குள் போய், கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, சரியான ஏற்பாடுதான். பொருத்த வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பற்றரியோடு ஹைபிரிட் இன்வேர்ட்டர் கேளுங்கள். லைட், ஃபேன், தண்ணீர் மோட்டார், வைஃபை ஆகியவற்றை மட்டும் அதில் கொடுத்தால் சிறிய பற்றரியே தாங்கும்.

உப்புக்காற்றுக்குச் சாதாரண இரும்பு நட்டு தாங்காது. துருப்பிடிக்காத எஃகு என்று எழுத்தில் வாங்குங்கள். பனல் ஏற்றுமுன் கூரை மரங்களையும் பாருங்கள். 1978 நவம்பர் சூறாவளியில் கூரைகள் பறந்ததைக் கண்ணால் கண்டவர் எங்கள் அப்பா. கூரை மரத்தில் நான்கை மாற்றிய பிறகுதான் பனல் ஏற்ற விட்டார்.