11 நொடிக்கு யாரிடம் கேட்டீர்கள்?

கேள்வி: நான் மதுரையில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். துறை விழாவுக்காக 1980களின் திரைப்பாட்டு ஒன்றை ரீமிக்ஸ் செய்து, நண்பர்களை ஆட வைத்து ஒரு மியூசிக் வீடியோ எடுத்தோம். எடிட்டிங் முழுவதும் என் பொறுப்பு. யூடியூபில் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி அன்லிஸ்டடாக ஏற்றி நண்பர்களுக்கு லிங்க் அனுப்பினேன்; அதற்குள் காப்பிரைட் கிளெய்ம் வந்துவிட்டது. சுருதியை மாற்றினால் தப்பலாம் என்கிறார்கள், உண்மையா? தன் ஷாட்டுகள் குறைந்துவிட்டன என்று, ஆடிய நண்பன் ஒருவன் என்னோடு பேசுவதில்லை. எடிட்டிங் வேலையால் தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு ஊருக்கே போகவில்லை என்று அம்மாவுக்கும் வருத்தம். வீடியோவில் எல்லோரும் பாராட்டுவது பீட் இறங்குவதற்கு முன் வரும் 11 நொடியை. தாத்தா இறந்த அன்று அப்பத்தா பாடிய ஒப்பாரியை, ஷார்ஜாவில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்புவதற்காகப் போனில் பதிவு செய்திருந்தேன். அதை 120 பிபிஎம்முக்கு, அதாவது நிமிடத்துக்கு 120 தாள அடிக்கு இழுத்து, நடுவில் இருந்த விம்மலை வெட்டிவிட்டு, நண்பன் கறுப்புக் கண்ணாடியோடு புகைக்குள் ஸ்லோ மோஷனில் நடந்து வரும் ஷாட்டுக்கு வைத்தேன், செமையாக உட்கார்ந்துவிட்டது. கிளெய்முக்கும் நண்பனுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட இரண்டுக்கும் விடை சின்னதுதான், அதை முதலில் முடித்துவிடுவோம். சுருதியை ஏற்றி இறக்கினால் யூடியூபின் கருவி சில நேரம் ஏமாறக்கூடும், ஆனால் பாட்டின் உரிமையாளர் மாறிவிட மாட்டார். உங்களுக்கு வந்திருப்பது கிளெய்ம். அது சேனலையே முடக்கக்கூடிய ஸ்ட்ரைக் அல்ல. விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோ சில நாடுகளிலோ எல்லா நாடுகளிலுமோ தெரியாமல் போகும், அவ்வளவுதான். கல்லூரிக்குள் ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோர்களும் மட்டும் இருக்கும் அவையில் ஒரு படத்தையோ ஒலிப்பதிவையோ காட்டுவதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தன் 52ஆம் பிரிவில் இடம் கொடுத்திருக்கிறது. யூடியூபில் ஏற்றினால் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே விழாவில் காட்டுங்கள், யூடியூபை விட்டுவிடுங்கள். நண்பருக்கு, அவர் ஆடிய பகுதியை மட்டும் வெட்டாமல் தனியாக ஒரு வீடியோவாக எடுத்துக் கொடுங்கள்; கோபம் தணிந்துவிடும். தணியாவிட்டால் அவருக்கு வேண்டியது உங்கள் நட்பு அல்ல என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். ஒரு பாட்டுக் கம்பெனிக்காரருக்குப் பயந்து எனக்குக் கடிதம் எழுதிய நீங்கள், உங்கள் அப்பத்தாவின் அழுகையை எடுத்துக்கொள்ளும்போது யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? கடிதத்தை மறுபடியும் படித்துப் பாருங்கள். எத்தனை நொடி என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை பிபிஎம் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த ஷாட்டுக்கு வைத்தீர்கள் என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். அந்த 11 நொடியில் அப்பத்தா என்ன சொல்லி அழுதார் என்பது மட்டும் எங்குமே இல்லை. நீங்கள் அதைக் கேட்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். டைம்லைனில் நூறு தடவை ஓடவிட்டிருப்பீர்கள், அது வேறு.

நம் பக்கத்துக் கிராமங்களில், மாமியார் வீட்டில் ஆண்டுக்கணக்காக வாயைத் திறக்காமல் இருந்த பெண்கள்கூட, ஊரே கூடியிருக்கும் இழவு வீட்டில், தடுப்பவர் யாரும் இல்லாமல், தான் பட்டதையும் தன்னைப் படுத்தியவர்களையும் பாட்டிலே வைத்துச் சொல்லிவிடுவார்கள். போனவரைப் புகழ்வதும் அவரோடு வழக்காடுவதும் ஒரே மூச்சில் வரும். ஓர் அடி முடியும் இடத்தில் குரலை இழுத்து விம்மும்போதுதான் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றப் பெண்கள் சேர்ந்து அழுவார்கள். அந்த விம்மல் பாட்டில் ஓர் உறுப்பு. 120 பிபிஎம் என்றால் அரை நொடிக்கு ஒரு தாள அடி. அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை என்பதற்காக, கணவனை இழந்த ஒரு கிழவி மூச்சு வாங்கிய இடத்தை நீங்கள் வெட்டித் தள்ளியிருக்கிறீர்கள், அதுவும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் கெத்தாக நடந்து வருவதற்காக.

சினிமாவிலும் கானாவிலும் ஒப்பாரி வரவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். வருகிறது. அங்கே பாடுகிறவர் பாடுவதற்கென்றே வந்து, எங்கே போகப் போகிறது என்று தெரிந்து, கூலி வாங்கிக்கொண்டு பாடுகிறார். நாட்டார் பாடல்களைத் தொகுக்கப் போனவர்களிடம், சும்மா இருக்கும் நாளில் வீட்டுக்குள் ஒப்பாரி பாடக்கூடாது, அது வீட்டுக்கு ஆகாது என்று மறுத்து, ஊருக்கு வெளியே போய்ப் பாடிக் காட்டிய பெண்கள் உண்டு. அந்த அளவுக்குக் கட்டுப்பாடு வைத்திருந்த பாட்டை, ஸ்பீக்கரில் கட்டி, விசிலுக்கு நடுவே ஒலிக்கவிடப் போகிறீர்கள். என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று சொன்னாலும் சரி, சாவு வீட்டுக்கு உள்ளே நடந்ததை வெளியே எடுத்துச் செல்ல, அழுதவரைத் தவிர வேறு யாருக்கும் அதிகாரம் கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேரன் என்பதால் உங்களுக்கு அதில் கூடுதல் பங்கு எதுவும் வந்துவிடாது; கூடுதல் பொறுப்புதான் வரும்.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது, நீங்கள் சட்டத்துக்குத்தானே பயப்படுகிறீர்கள்? பாடியவரின் சம்மதம் இல்லாமல் அவர் பாட்டைப் பதிவு செய்து பரப்பக்கூடாது என்று அதே சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என ஒன்று இருக்கிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 38பி பிரிவு, பாடியவர் இன்னார் என்று சொல்லும்படி கேட்கவும், தன் மதிப்புக் கெடும்படி தன் பாட்டைச் சிதைத்தால் தடுக்கவும் அவருக்கு உரிமை தருகிறது. அப்பத்தா வழக்குப் போட மாட்டார். கம்பெனி போடலாம் என்பதால் அங்கே நடுங்குகிறீர்கள், இவர் போட மாட்டார் என்பதால் இங்கே யோசிக்கவே இல்லை.

அந்தப் பதிவு எதற்காக எடுக்கப்பட்டது என்பதையும் மறந்துவிட்டீர்கள். பெற்ற தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வர முடியாத ஒரு மகன், தன் தாயின் குரலையாவது கேட்கட்டும் என்பதற்காக எடுத்தது. உங்கள் சித்தப்பா ஷார்ஜாவில் இந்த வீடியோவைத் திறந்து பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போங்கள். அம்மா குறை சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது குறை அல்ல, காரியம் முடிந்தபின் தனியாகிவிட்ட கிழவியை எட்டிப் பார்க்காத பேரனுக்கு வேறு யாரும் சொல்லாத புத்தி. போன உடனே போனை நீட்டாதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்பத்தாவோடு இருங்கள், சாப்பிடுங்கள், தாத்தாவைப் பற்றி அவர் பேசினால் கேளுங்கள். மறுநாள், அப்பாவும் உடன் இருக்கும்போது, செய்ததை மறைக்காமல் சொல்லுங்கள். புகையையும் கண்ணாடியையும் சேர்த்தே காட்டுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது, கெஞ்சக்கூடாது. வேறு பாட்டு பாடித் தருகிறேன் என்று ஒரு நடவுப் பாட்டை அவரே எடுத்தால், வயலுக்குக் கூட்டிப்போய் நல்ல மைக்கில் பதிவு செய்து, அவர் பெயரை முதல் கார்டில் போடுங்கள். தாளத்தை அவர் குரலுக்கு ஏற்ப வையுங்கள், அவர் குரலைத் தாளத்துக்காக இழுக்காதீர்கள்.

எதுவும் கிடைக்காவிட்டால் வீடியோ கெட்டுப்போகும் என்று அஞ்ச வேண்டாம். பீட் இறங்குவதற்கு முன் எல்லா ட்ராக்கையும் நிறுத்தி, நான்கு அடிக்கு, அதாவது உங்கள் வேகத்தில் இரண்டு நொடிக்கு, ஒன்றும் ஒலிக்காமல் விட்டுப் பாருங்கள். அடுத்து விழும் அடி இரண்டு மடங்காகக் கேட்கும். எடிட்டிங் படிக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நண்பர்களுக்கு அனுப்பிய அந்த வீடியோவை யூடியூபிலிருந்து இன்றே நீக்குங்கள். யாராவது இறக்கி வைத்திருந்தால், கூப்பிட்டுச் சொல்லி அழிக்க வையுங்கள்.