முதியோர் இல்லத்தில் களப்பணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு படிக்கிறேன். களப்பணிக்கு ஒரு முதியோர் இல்லத்தில் போட்டிருக்கிறார்கள், வாரம் 2 நாள். பாட்டு, கோலம், பல்லாங்குழி என்று புரோகிராம் நடத்தி, போட்டோ எடுத்து அறிக்கை எழுதுகிறோம். எதையும் கற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. வேறென்ன செய்யலாம்?

— ஒரு மாணவி, மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

புரோகிராமை மாதம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, இல்லத்து முதியவர்களில் இரண்டே பேரை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடை. கைப்பிடி உள்ள நாற்காலி, அதிலிருந்து 3 மீட்டரில் தரையில் ஒரு கோடு. எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்காரும் நேரத்தைக் கைபேசியில் குறியுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கீழே விழும் ஆபத்து உண்டு. பாசத்தில் கையைப் பிடித்துக்கொள்வதும், "வேகமா வாங்க தாத்தா" என்பதும் கணக்கைக் கெடுத்துவிடும். வழக்கமான செருப்பு, வழக்கமான தடி, வழக்கமான வேகம். நீங்கள் தொடாமல், கையெட்டும் தூரத்தில் கூடவே போங்கள். அப்புறம் அவரோடு கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நடந்து பாருங்கள். தடுக்கும் நிலைப்படி, வழுக்கும் மிதியடி, ராத்திரியில் கைக்கு எட்டாத சுவிட்ச்: அறிக்கையில் எழுத வேண்டியது இதைத்தான்.

முதியோரின் மனச்சோர்வை அளக்கும் 15 கேள்விகள் கொண்ட தாளைக் கல்லூரியில் கொடுத்திருப்பார்கள். 10 கேள்விகளுக்கு "ஆமாம்" என்றால் 1 மதிப்பெண். 1, 5, 7, 11, 13 ஆகியவற்றுக்கு "இல்லை" என்றால்தான் 1. ஆமாமை மட்டும் எண்ணினால் கலகலப்பான பாட்டிக்கும் மதிப்பெண் ஏறிவிடும். 5-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் அனுப்புங்கள்; நோய்க்குப் பெயர் வைப்பது நம் வேலையல்ல. வார்டன் காதில் விழும் ஹாலில் கேட்டால் "எனக்கென்ன குறை" என்றுதான் பதில் வரும். காது மந்தமென்று கத்தவும் கூடாது. கத்தினால் குரல் கீச்சென்று ஏறும்; வயதானவர்களுக்கு முதலில் கேட்காமல் போவது அந்த உச்ச ஒலிகள்தான். வெளிச்சத்தில் உங்கள் முகம் தெரிய எதிரே உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள்.

"வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்துட்டேன்" என்று யாராவது சொன்னால் சட்டம் பேசாமல் பத்திர நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 23ஆம் பிரிவின்படி எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யக் கேட்க, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்பது முக்கியம். மனு வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.). ஆனால் போடுவதா வேண்டாமா என்பதை அந்த முதியவர்தான் முடிவு செய்யவேண்டும், உங்கள் கோபம் அல்ல.

களப்பணி முடியும் தேதியை முதல் வாரமே சொல்லிவிடுங்கள், கடைசி மாதத்தில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். "அடிக்கடி வந்து பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள்; செமஸ்டர் வந்தால் போகமாட்டீர்கள்.