அகராதியின் முன்பக்கங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டுக்கு ஒரு பெரிய ஆங்கில அகராதி வாங்க நினைக்கிறேன். செல்பேசியில் இல்லாததா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆனாலும் அச்சில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நான் பெரும்பாலும் பழைய ஆங்கில நாவல்கள் படிப்பவன். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இருவருக்கும் சேர்த்து ஒன்றே போதும் என்று தோன்றுகிறது. எதில் அதிகச் சொற்கள் இருக்கின்றனவோ அதை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை அல்லவா? சில அகராதிகளின் கடைசிப் பதிப்பே பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு வந்தது என்கிறார்கள். அவற்றை வாங்கலாமா? அப்புறம், மகள் எந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாலும் இனிமேல் ‘போய் அகராதியைப் பார்’ என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். பழக்கம் வந்துவிடும் அல்லவா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அகராதிகளின் முன்பக்கங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

செல்பேசியா புத்தகமா என்ற விவாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. அச்சில் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது, வாங்குங்கள். நண்பர்களிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். மாக்மில்லன் நிறுவனம் இனி அச்சில் அகராதி கிடையாது, எல்லாம் இணையத்தில்தான் என்று 2012-இல் அறிவித்தது. அந்த இணைய அகராதியும் 2023-இல் மூடப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் அகராதிகளை இலவசமாகத் தந்துகொண்டிருந்த லெக்சிகோ தளம் அதற்கு முந்தைய வருடமே போய்விட்டது. உங்கள் அலமாரியில் இருப்பதை யாரும் அப்படி மூட முடியாது.

பழைய பதிப்பா என்ற கவலையையும் விட்டுவிடுங்கள். பெரிய அச்சு அகராதிகள் புதுப்பிக்கப்படுவதே அபூர்வமாகிவிட்டது. இரண்டு தொகுதிகளாக வரும் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டின் ஆறாம் பதிப்பு 2007-இல் வந்தது. ஒரே தொகுதியான ஆக்ஸ்ஃபோர்ட் டிக்‌ஷனரி ஆஃப் இங்கிலிஷின் மூன்றாம் பதிப்பு 2010-இல், அமெரிக்கன் ஹெரிடேஜின் ஐந்தாம் பதிப்பு 2011-இல். மெரியம்-வெப்ஸ்டரின் காலேஜியேட் 2003-க்குப் பிறகு 2025-இல்தான் புதிய பதிப்பு கண்டது. இருபது தொகுதிகள் கொண்ட மாபெரும் ஆக்ஸ்ஃபோர்ட் 1989-இல் அச்சானது. அதன் மூன்றாம் பதிப்புக்கான திருத்தங்கள் 2000-இலிருந்து இணையத்தில் மட்டுமே வருகின்றன. போன வருடம் பிறந்த சொல்லுக்கு இணையத்தில் தேடிக்கொள்ளலாம். பழைய நாவல் படிப்பவருக்கு 2007-இல் வந்த அகராதி தாராளமாகப் போதும்.

இனி, எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். ‘எதில் அதிகச் சொற்கள் இருக்கின்றனவோ அதை’ என்கிறீர்கள். இத்தனை படிப்பவர் அட்டையில் அச்சிட்ட எண்ணை வைத்தா புத்தகம் வாங்குவது? நான் சொன்ன அந்த ஒரே தொகுதி ஆக்ஸ்ஃபோர்டில் 3,50,000-க்கும் மேல் என்று போட்டிருப்பார்கள். இருபது தொகுதி ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் பதிப்பில் இருப்பவை சுமார் 2,91,500. அப்படியென்றால் ஒற்றைப் புத்தகம் இருபது தொகுதியைவிடப் பெரியதா? முதலாவது எண் சொற்கள், தொடர்கள், பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டியது. இரண்டாவது, முதன்மைப் பதிவுகளின், அதாவது தனித்தலைப்பாக வரும் சொற்களின், எண்ணிக்கை மட்டும். ஒவ்வொரு பதிப்பாளரும் தனக்குத் தோதான விதத்தில் எண்ணுகிறார். இந்த எண்களை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

நிஜமாகவே சொற்கள் மிகுந்த அகராதி உண்டு. 1961-இல் வந்த வெப்ஸ்டர்ஸ் தேர்ட் நியூ இன்டர்நேஷனலில் நாலரை லட்சத்துக்கும் மேல். மகத்தான உழைப்பு, நான் வணங்கும் புத்தகம். ஆனால் அந்த மிகுதியில் பெரும்பங்கு அறிவியல், தொழில்நுட்பத் துறைகளின் சொற்கள். நாவல் படிக்கும்போது உங்களைத் தடுக்கும் சொல் அநேகமாக எல்லா அகராதியிலும் இருக்கும். அதற்கு நீங்கள் தேடும் பொருள் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. (அமெரிக்காவில் ‘வெப்ஸ்டர்’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் அட்டையில் போட்டுக்கொள்ளலாம். நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதியின் வழிவந்தது வேண்டுமென்றால் ‘மெரியம்’ என்று சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.)

அகராதியைச் சோதித்துப் பார்ப்பவர்கள் எல்லோரும் அபூர்வமான ஒரு சொல்லைத்தான் தேடிப்பார்க்கிறார்கள். அது கிடைத்துவிட்டால் நல்ல அகராதி என்று முடிவு கட்டுகிறார்கள். அபூர்வச் சொல்லுக்குப் பொருள் எழுதுவது சுலபம். ஒரு வரியில் முடிந்துவிடும். அகராதி எழுதுபவர்களின் முதுகை ஒடிப்பவை நமக்குத் தெரியும் என்று நாம் நினைக்கிற சின்னச் சொற்கள். இருபது தொகுதி ஆக்ஸ்ஃபோர்டில் ‘செட்’ என்ற வினைக்கு மட்டும் சுமார் 430 பொருள்கள். இணையத்தில் வரும் திருத்தத்தில் ‘ரன்’ அதைத் தாண்டிவிட்டது, 645. ஆகவே கடையில் புத்தகத்தைப் பிரிக்கும்போது இந்த மாதிரி ஒரு சொல்லைப் பாருங்கள். பொருள்கள் ஒழுங்காகப் பிரிந்து நிற்கின்றனவா, ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கிறதா, உங்கள் கண் எங்கேயாவது தொலைந்துபோகிறதா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அகராதியின் முன்பக்கங்களைப் படியுங்கள். ‘இந்த அகராதியைப் பயன்படுத்தும் முறை’ என்று எட்டுப் பத்துப் பக்கம் இருக்கும். யாரும் படிப்பதில்லை. வருடக்கணக்காக அகராதி வைத்திருப்பவர்களைக் கேட்டிருக்கிறேன், உங்கள் அகராதியில் பொருள்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று. பதில் வராது. ‘முக்கியமானது முதலில் இருக்கும்’ என்பார்கள். எல்லா அகராதியிலும் அப்படி இல்லை.

பெரிய ஆக்ஸ்ஃபோர்ட், ஷார்ட்டர், மெரியம்-வெப்ஸ்டர் மூன்றும் பொருள்களை வரலாற்று வரிசையில் வைப்பவை. ஒரு சொல்லுக்கு எந்தப் பொருள் முதலில் வழங்கியதோ அது முதலில் வரும். இன்றைக்கு நாம் சொல்லும் பொருள் ஐந்தாவதாகவோ பத்தாவதாகவோ இருக்கலாம். ஒற்றைத் தொகுதி ஆக்ஸ்ஃபோர்ட், காலின்ஸ், அமெரிக்கன் ஹெரிடேஜ் ஆகியவை இன்றைய மையப் பொருளை முதலில் வைப்பவை. இதை அறியாமல் ஒருவர் பெரிய ஆக்ஸ்ஃபோர்டைத் திறந்து ‘நைஸ்’ என்ற சொல்லைப் பார்த்தால் முதல் பொருள் முட்டாள்தனமான என்று இருக்கும். வழக்கொழிந்தது என்ற அடையாளமும் அங்கேயே இருக்கும். அந்த அடையாளம் என்ன என்று சொல்வதும் முன்பக்கங்கள்தான்.

மறுபக்கம் ஒரு ஆபத்து இருக்கிறது. அது உங்களைப் போன்ற பழைய நாவல் வாசகர்களுக்கானது. ஒரு கதாபாத்திரம் இன்னொருவர் செய்த உதவிக்கு ‘சென்சிபிள்’ ஆக இருப்பதாக வரும். இன்றைய பொருளை முதலில் வைக்கும் அகராதியில் விவேகமுள்ள, நடைமுறை அறிவுள்ள என்பது முதல் வரி. அதைப் படித்ததுமே புத்தகத்தை மூடிவிடுவோம். உதவியை மனதார உணர்ந்திருக்கிறார் என்ற பொருள் கீழே, பழவழக்கு என்ற குறிப்போடு கிடக்கும். வாக்கியம் அரைகுறையாகப் புரிந்த மாதிரி இருக்கும், நாமும் கடந்து போய்விடுவோம். தெரியாத சொல்லிடம் நாம் நின்றுவிடுகிறோம், அதனால் பிழைக்கிறோம். தெரிந்த சொல்தான் நம்மைத் தவறவிடுகிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு அக்கா. இளவயதில் ஒரு அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கும் வேலையில் இருந்தேன். அவர் அங்கே எனக்கு மூத்தவர். பெரிய படிப்பு என்று எதுவும் இல்லை, ஆனால் அங்கே இருந்த அகராதி எப்படிப்பட்டது என்று அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் எழுந்து போய்த் திறப்பார். தலைச்சொல்லில் விரலை வைத்து, உதடு அசைய, பதிவின் கடைசி வரி வரைக்கும் போவார். மூன்றாவது வரியிலேயே விடை கிடைத்திருந்தாலும் சரி, கடைசி வரைக்கும் போய்விட்டு மேலே திரும்பி வருவார். நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ‘கிடைச்சிடுச்சுக்கா’ என்று வந்து நிற்பேன். ‘கடைசி வரைக்கும் படிச்சியா?’ என்று கேட்பார். படித்திருக்க மாட்டேன். திட்டியதே இல்லை. கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு என்னோடு எழுந்து வருவார். அந்த முன்பக்கங்களை எனக்கு வரிவரியாகப் படித்துக்காட்டியவர் அவர்தான். எந்தச் சுருக்கக் குறிக்கு என்ன அர்த்தம், சாய்வெழுத்து எப்போது வரும், சதுர அடைப்புக்குள் இருக்கும் சொற்பிறப்பை எப்படிப் படிப்பது என்று எல்லாம். பிறகு நான் படித்த பெரிய படிப்புகளில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. இன்றைக்கும் ஒரு பதிவைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தால் எனக்கு உறுத்துகிறது.

அதனால்தான் உங்கள் கடைசி வரி என்னை அவ்வளவு வருத்தியது. மகளிடம் ‘போய் அகராதியைப் பார்’ என்று சொல்லாதீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒரு குழந்தை அப்பாவிடம் வந்து ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்பது எத்தனை நாளைக்கு? இன்னும் சில வருடங்கள். அதை நீங்களே ஏன் துரத்துகிறீர்கள்? அவள் போவாள், பெரிய புத்தகத்தைத் தூக்கிப் பிரிப்பாள், முதல் வரியை எழுதிக்கொண்டு திரும்புவாள். அது தவறாக இருக்கும். அகராதி என்றாலே அப்பா தன்னைத் தள்ளிவிடும் இடம் என்று மனதில் பதியும். அதற்குப் பதில் உங்களுக்கே அர்த்தம் தெரிந்திருந்தாலும் ‘வா, பார்க்கலாம்’ என்று எழுந்து கூடப் போங்கள். கடைசி வரி வரைக்கும் இருவரும் படியுங்கள்.

தவிர, உங்களுக்கான அகராதி அவளுக்குப் போதாது. ஒற்றைத் தொகுதி ஆக்ஸ்ஃபோர்ட் சாதாரணச் சொற்களுக்கு உச்சரிப்பே தருவதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு அது தெரிந்திருக்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. ஒரு பெயர்ச்சொல் எண்ணக்கூடியதா, ஒரு வினைக்குப் பின்னால் எந்த முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்) வரும் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்வது, ஆங்கிலத்தை வேற்றுமொழியாகக் கற்பவர்களுக்கென்றே எழுதப்படும் கற்போர் அகராதி. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த காலத்தில் உருவாக்கி 1942-இல் வெளிவந்த அகராதியை 1948-இல் ஆக்ஸ்ஃபோர்ட் வெளியிட்டது. அதன் வாரிசுதான் இன்றைய ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ். 1978-இல் வந்த லாங்மன் கற்போர் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாப் பொருளையும் எழுதியது. இரண்டில் எதுவானாலும் அவளுக்கு வாங்கிக்கொடுங்கள். அவள் பெயரை எழுதி, அவள் மேசையில்.

உங்களுக்கு என் தேர்வு ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்ட். பெரிய ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றில் ஒரு பங்கு, 1700-க்குப் பின் வழங்கிய ஆங்கிலத்தை ஏறக்குறைய முழுதாகத் தொட்டுவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் சொற்களும் உண்டு. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். ஒரு பொருள் எந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், நடுவில், இறுதியில் வழங்கத் தொடங்கியது என்பதை ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த குறியால் காட்டுவார்கள். எழுத்து சிறியது, நல்ல வெளிச்சம் வேண்டும். இரண்டு தொகுதி வேண்டாம் என்றால் காலின்ஸ் பாருங்கள், ஆனால் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் அதில் இடம்பிடித்திருக்கும். சேம்பர்ஸ் குறுக்கெழுத்துக்காரர்களின் செல்லம். கிளைச்சொற்களை வேர்ச்சொல்லின் கீழே அடுக்கியிருப்பதால் பழகும்வரை தடுமாற்றம் இருக்கும். சொற்பிறப்பில் ஆசை இருந்தால் அமெரிக்கன் ஹெரிடேஜின் பின்னிணைப்பில் இந்தோ-ஐரோப்பிய வேர்கள் இருக்கின்றன. ஒரு மழைநாள் முழுக்க அதிலேயே போய்விடும்.

எது வாங்கினாலும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். ஷார்ட்டரைப் பழைய பிரதியாக வாங்குவதென்றால் ஏ–எம், என்–இசட் இரண்டு தொகுதிகளும் ஒரே பதிப்புதானா, முதல் தொகுதியில் முன்பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். கிழிந்திருந்தால் வேறு பிரதி தேடுங்கள்.

அன்புடன்.