கக்குவதற்குப் பாலே காரணமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். நான் வேலைக்குத் திரும்பியதால், மூன்றாம் மாதத்திலிருந்து தாய்ப்பாலோடு டப்பா பாலும் கொடுக்கிறோம். அது முதல், குடித்த சற்று நேரத்தில் கக்குகிறான். உடம்பை வில்லாக வளைத்து அழுகிறான். கன்னத்தில் சொரசொரப்பான தடிப்பு இருக்கிறது. மலத்தில் இரண்டு முறை சளியோடு ரத்தக் கோடும் தெரிந்தது. அமிலத்தைக் குறைக்கும் மருந்து ஒரு மாதம் கொடுத்தும் பலனில்லை. ரத்தப் பரிசோதனையில் அலர்ஜி இல்லை என்று வந்தது. ஆட்டுப்பாலுக்கு மாற்றச் சொல்கிறார் என் மாமியார். மாற்றலாமா, டாக்டர்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: 'கக்குகிற பிள்ளை தக்கும்' என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். உணவுக்குழாயின் அடியிலுள்ள தசை வளையம் பச்சிளம் பருவத்தில் அடிக்கடி தளர்ந்துவிடுவதால் பால் மேலே வருகிறது; நான்காம் மாத வாக்கில் அதிகமாகி, ஒரு வயதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். கக்கிவிட்டுச் சிரிக்கிற, எடையும் ஏறுகிற குழந்தைக்கு மருந்தே வேண்டாம். ஆனால் தடிப்பும் ரத்தக் கோடும் சேர்ந்து வருவதால், உங்கள் மகன் விஷயத்தில் பசும்பால் புரத ஒவ்வாமையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்; டப்பா பாலும் பெரும்பாலும் பசும்பாலிலிருந்து செய்யப்படுவதுதான்.

பாலிலுள்ள புரதத்தை உடலின் எதிர்ப்பாற்றல் பகையாகக் கருதும்போது குடல் அழற்சியுற்று, இரைப்பை காலியாவதும் தாமதமாகி, தேங்கிய பால் மேலே வருகிறது; மூலகாரணம் அமிலமன்று என்பதால் அந்த மருந்து பலிக்காததில் வியப்பில்லை. சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து வெளிப்படும் இவ்வகை ஒவ்வாமை வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரிவதில்லை.

பாலை நிறுத்திப் பார்ப்பதே உண்மையான சோதனை. குழந்தை மருத்துவரின் மேற்பார்வையில், புரதம் நன்கு சிதைக்கப்பட்ட சிறப்புப் பால்மாவுக்கு 2 முதல் 4 வாரம் மாற வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நீங்கள் உண்ணும் பாலின் புரதம் தாய்ப்பாலிலும் சிறிது வரும்; ஆனாலும் தாய்ப்பால் மட்டும் குடித்தபோது அவன் நன்றாக இருந்ததால் உங்களுக்குப் பத்தியம் தேவைப்படாமலும் போகலாம். மருத்துவர் சொன்னால் மட்டும் தயிர், மோர், பனீர், பால் பவுடர் சேர்ந்த பிஸ்கட், காபியில் விடும் ஒரு கரண்டிப் பால் உட்பட எல்லாவற்றையும் விட்டு, கால்சியம் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை தேறியதும் முன்பு கொடுத்த டப்பா பாலை மருத்துவர் சொல்லும் முறையில் மீண்டும் கொடுத்து, தொல்லை திரும்புகிறதா என்று பார்ப்பது அவசியம். தேறிய பிள்ளையிடம் இதைச் செய்யப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. செய்யாவிட்டாலோ, ஒவ்வாமையே இல்லாத பிள்ளையும் ஆண்டுக்கணக்கில் பாலின்றி வளர நேரிடும்.

ஆட்டுப்பால் வேண்டாம். அதன் புரதமும் எருமைப்பால் புரதமும் பசும்பால் புரதத்தைப் பெரிதும் ஒத்தவை. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலமும் குறைவு. லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையை நீக்கிய பாலிலும் அதே புரதம் இருப்பதால் அதுவும் உதவாது.

பச்சை நிறத்தில் கக்கினாலோ, வாந்தி பீறிட்டு அடித்தாலோ, மலத்தில் ரத்தம் கூடினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எடை ஏறாமல் நின்றாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறாம் மாதச் சோறூட்டுக்கு நாள் பார்த்திருந்தால், பால் பாயசத்தைத் தவிர்த்து, பருப்பு சேர்த்துக் குழைத்த சோற்றை ஊட்டுங்கள்.